நரியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை

பாட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்து 1968இல் வெளிவந்த 'ரோஸீஸ் வாக்' என்னும் படப் புத்தகத்தின் ஆங்கில மூலத்தில் இருப்பவை மொத்தம் 32 சொற்கள். அவை அனைத்தும் சேர்ந்து ஒரே வாக்கியம். ரோஸி என்னும் கோழி உலாவப் புறப்படுகிறது. முற்றத்தைக் கடக்கிறது, குளத்தைச் சுற்றிப் போகிறது, வைக்கோற்போரில் ஏறி இறங்குகிறது, மாவு அரைக்கும் ஆலையைத் தாண்டுகிறது, வேலி இடுக்கில் நுழைகிறது, தேனீப் பெட்டிகளுக்கு அடியில் நடக்கிறது, சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகக் கூட்டுக்குத் திரும்பிவிடுகிறது. எழுத்தில் இருப்பது இவ்வளவுதான். இதைத் தொலைபேசியில் யாருக்காவது படித்துக் காட்டினால், அப்புறம் என்ன ஆயிற்று என்றுதான் கேட்பார். படங்களிலோ, தொடக்கத்திலேயே கோழிக்கூட்டின் அடியில் ஒரு நரி படுத்திருக்கிறது. கோழி நடக்க நடக்க அது பின்தொடர்கிறது. பாயும் ஒவ்வொரு முறையும் அடிபடுகிறது. கீழே கிடக்கும் வாரியின் பல்லை மிதிக்கிறது, அதன் பிடி எழுந்து முகத்தில் அடிக்கிறது. குளத்தில் விழுகிறது, வைக்கோலில் புதைகிறது, மாவு மூட்டை அதன்மேல் கொட்டுகிறது, கடைசியில் தேனீக்கள் துரத்த ஓடி மறைகிறது. இந்த நரியைப் பற்றி அந்த 32 சொற்களில் ஒன்றுகூடப் பேசுவதில்லை.

படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் இப்புத்தகத்தை முதன்முதலாகத் திறந்தால், அவருடைய கண் அவரைக் கேட்காமலே எழுத்துக்குப் போகும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு அந்தப் பழக்கம் இல்லை. கதை படித்துக் காட்டும்போது சிறு குழந்தைகளின் பார்வை எங்கே நிற்கிறது என்பதைக் கருவி கொண்டு பதிவுசெய்து, கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, நான்கு, ஐந்து வயதினர்கூட எழுத்தின்மேல் கண்ணை வைப்பதே அரிது என்றும், ஏறக்குறைய முழு நேரமும் அவர்கள் படத்திலேயே இருக்கிறார்கள் என்றும் காட்டியது. ஆகவே நரியை முதலில் காண்பது குழந்தைதான். "அம்மா, பின்னாடி பாரு, பின்னாடி!" என்று என் மகள் கத்தியது எனக்கா, கோழிக்கா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை; இருவருக்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

சொல் குறைந்த படப் புத்தகங்களின் கவர்ச்சிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், எழுத்து இல்லாததால் குழந்தையின் கற்பனை தடையின்றி விரிகிறது என்பது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அது போதவில்லை. கற்பனை விரிவதற்கு ஒரு வெற்றுத்தாளும் பென்சிலும்கூடப் போதுமே. இந்தப் புத்தகங்கள் தருவது வேறொன்று. ஒரு சிறு குழந்தை நாள் முழுவதும் தன்னைச் சுற்றியிருக்கும் எவரையும்விடக் குறைவாக அறிந்த ஆளாகவே இருக்கிறது. இப்போது எங்கே போகிறோம், இதை ஏன் தொடக்கூடாது, அந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என எல்லாவற்றையும் பிறர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எழுத்து நிறைந்த கதைப் புத்தகத்திலும் அதே நிலைதான்: கதை பெரியவரின் கண்ணில் இருக்கிறது, அவர் வாயைத் திறந்தால்தான் குழந்தைக்குக் கிடைக்கும். ரோஸியின் கதையில் அந்த வரிசை தலைகீழாகிறது. கோழிக்குத் தெரியாதது குழந்தைக்குத் தெரிகிறது. படித்துக் காட்டுகிற குரலுக்குத் தெரியாததும் அதற்குத் தெரிகிறது. குளத்தைச் சுற்றிக் கோழி நடந்ததாக அக்குரல் அமைதியாகச் சொல்லிக்கொண்டு போகும்போது, கண்ணெதிரே நரி தண்ணீரில் விழுந்து கிடக்கிறது. அச்சில் இருக்கும் சொல்லையே மிஞ்சி நிற்கும் அந்த உரிமைதான் குழந்தையைத் திரும்பத் திரும்ப அந்தப் புத்தகத்துக்கு இழுக்கிறது என்பது என் கணிப்பு.

இதனாலேயே, சொல் அறவே இல்லாத புத்தகத்தையும் சில சொற்கள் மட்டும் உள்ள புத்தகத்தையும் ஒரே கூடையில் போடுவதை நான் ஏற்பதில்லை. ரோஸியின் கதையிலிருந்து அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு நரி கோழியைத் துரத்தித் தோற்கும் கதை. அதுவும் சிரிப்பூட்டும், ஆனால் ஒருமுறை சிரித்தால் போதும். ஒன்றும் அறியாத அந்த வாக்கியம் மேலே ஓடிக்கொண்டிருப்பதால்தான் கீழே நடப்பது இரண்டு மடங்கு வேடிக்கையாகிறது. கோழிக்கு உண்மையிலேயே எதுவும் தெரியாதா, அல்லது தெரிந்தே நரியை ஆபத்தான இடங்களாகப் பார்த்து அழைத்துப் போகிறதா என்ற கேள்விக்கு எழுத்தும் பதில் சொல்வதில்லை, படமும் பதில் சொல்வதில்லை. குழந்தைகள் இதில் இரு கட்சியாகப் பிரிவதைப் பார்த்திருக்கிறேன். ஒரே குழந்தை இன்று ஒரு கட்சியிலும் நாளை மறு கட்சியிலும் இருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

பக்கத்தைப் புரட்டும் செயலை இந்த வகைப் புத்தகங்கள் பயன்படுத்தும் விதமும் தனியாகக் கவனிக்கத்தக்கது. ரோஸியின் கதையில் சொல் உள்ள இரட்டைப் பக்கத்தில் நரி காற்றில் பாய்ந்த நிலையில் நிற்கிறது. அடுத்த இரட்டைப் பக்கத்தில் சொல் இல்லை, விழுந்த நரி மட்டும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது குழந்தையின் விரல். தவளை உட்கார்ந்திருக்கும் குளத்தையும், பாயும் நரியையும், அது தரையிறங்கப் போகும் இடத்தையும் ஒரே படத்தில் பார்த்த குழந்தை, அடுத்து என்ன நடக்கும் என்பதைப் புரட்டுவதற்கு முன்பே முடிவுசெய்துவிடுகிறது. சரிபார்க்கத்தான் புரட்டுகிறது. ஊகித்துச் சரிபார்ப்பது என்னும் இந்தப் பழக்கம் பின்னாளில் எழுத்தைப் படிக்கும்போதும் தேவைப்படுவதே. முதல் பாதியைப் படித்ததும் வாக்கியம் எங்கே முடியும் என்று நாம் எல்லோரும் ஊகித்துக்கொண்டுதான் படிக்கிறோம். எனவே புரட்டும் வேலையைக் குழந்தையின் கையிலேயே விட்டுவிடுவது நல்லது. பெரியவர்கள் புரட்டினால், எழுத்து முடிந்ததும் புரட்டிவிடுவார்கள். ஒரு பக்கத்தில் நான்கே சொற்கள் இருந்தால் அந்தப் பக்கத்துக்குக் கிடைப்பது இரண்டு நொடிதான்.

இந்த வகையில் நான் மிகவும் மதிக்கும் இன்னொரு புத்தகம் பெக்கி ராத்மன் 1994இல் வெளியிட்ட 'குட் நைட், கொரில்லா'. இரவில் விலங்குக் காட்சிசாலையின் காவலர் ஒவ்வொரு கூண்டாகப் போய், அதிலிருக்கும் விலங்கின் பெயரைச் சொல்லி இரவு வணக்கம் கூறுகிறார். அவருடைய சாவிக்கொத்தைக் கொரில்லா முதலிலேயே உருவிவிட்டது. அவர் நகர்ந்ததும் அது ஒவ்வொரு கூண்டையும் திறந்துகொண்டே வருகிறது. யானை, சிங்கம், கழுதைப்புலி, ஒட்டகச்சிவிங்கி, ஆர்மடில்லோ எல்லாம் வரிசையாக அவர் பின்னாலேயே நடந்து அவர் வீட்டுப் படுக்கையறை வரை வந்து படுத்துக்கொள்கின்றன. புத்தகம் முழுவதற்கும் உள்ள எழுத்து, இரவு வணக்கமும் யாருக்குச் சொல்லப்படுகிறதோ அவருடைய பெயரும்தான்.

அந்த ஒரே வணக்கம் ஒவ்வோர் இடத்திலும் வேறு குரலைக் கேட்கிறது. காவலர் சொல்லும்போது தூக்கம் வழியும் கடமைக் குரல். அவருடைய மனைவி விளக்கை அணைத்துவிட்டுச் சொல்லும்போது வழக்கமான அன்புக் குரல். அதற்குப் பதிலாக இருட்டுக்குள்ளிருந்து ஒன்றுக்குப் பல குரல்கள் திரும்பி வணக்கம் சொல்கின்றன. அடுத்த பக்கம் முழுக் கறுப்பு, அதன் நடுவே அந்த அம்மாளின் விரிந்த இரு கண்கள். படித்துக் காட்டுபவர் இந்த இடத்தில் நடிக்காமல் தப்பிக்க முடியாது. ஒரே சொல்லை யானையின் குரலிலும் ஒட்டகச்சிவிங்கியின் குரலிலும் சொல்லும்படி குழந்தைகள் கேட்கிறார்கள், சொல்லாவிட்டால் விடுவதில்லை. இதில் குழந்தை கற்பது மிக நுட்பமான ஒன்று: சொல் ஒன்றாகவே இருந்தாலும் யார், யாரிடம், எப்போது சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. சொற்கள் பலவாக இருக்கும் புத்தகத்தில் இது கண்ணில் படாமலே போய்விடும்.

இன்னொரு பயனும் உண்டு. எழுத்து ஒன்றுகூடத் தெரியாத குழந்தை இந்தப் புத்தகத்தைத் தானே "படித்து"விடுகிறது. எந்தப் பக்கத்தில் எந்தச் சொல் வரும் என்று அதற்குத் தெரியும். சொல் இருக்கும் இடத்தைத் தொட்டு, உரிய குரலில் சொல்லி, புரட்டுகிறது. இது மனப்பாடம்தானே என்று சிலர் தள்ளிவிடுவார்கள். தாளின்மேல் இருக்கும் இந்தக் குறிக்கும் வாயிலிருந்து வரும் இந்த ஒலிக்கும் உறவு உண்டு, அந்த உறவு நாளைக்கும் மாறாது என்பதைக் குழந்தை அறிந்துகொள்ளும் இடம் அது. பத்து வரி உள்ள பக்கத்தில் எந்தக் குறிக்கு எந்த ஒலி என்று பொருத்திப் பார்க்க மூன்று வயதில் முடியாது. ஒரு பக்கத்துக்கு ஒரு சொல் என்றால் முடியும்.

சொல்லப்படாத விவரங்களும் அப்புத்தகத்தில் ஏராளம். சாவிகளின் நிறமும் கூண்டுகளின் நிறமும் ஒத்துப்போகின்றன என்பதைப் பெரும்பாலும் குழந்தைகள்தான் பெரியவர்களுக்குச் சொல்கிறார்கள். ஒரு வாழைப்பழத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டே ஓர் எலி கதை முழுவதும் கூட வருகிறது. முதலில் பறக்கும் பலூன் ஒன்று பக்கத்துக்குப் பக்கம் மேலே போய்ச் சிறுத்துக்கொண்டே இருக்கிறது. இவற்றுள் எதையும் எழுத்து சுட்டிக்காட்டுவதில்லை, எனவே எதையும் முதல் வாசிப்பிலேயே பார்த்துவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரே புத்தகத்தை மறுபடி மறுபடி கேட்கும் குழந்தையிடம் பெற்றோர் சலித்துக்கொள்வது உண்டு. சொல் நிறைந்த புத்தகத்தில் அந்தச் சலிப்புக்கு ஓரளவு நியாயம் இருக்கிறது. அங்கே குழந்தை ஒரு சொல்லைக்கூட மாற்றவோ விடவோ அனுமதிக்காத காவலாளியாக உட்கார்ந்திருக்கிறது. இங்கே ஒவ்வொரு முறையும் கதையைச் சொல்ல வேறொருவரைத் தேர்ந்தெடுக்கலாம்: நேற்று காவலரின் கதை, இன்று எலியின் கதை.

சொல் அறவே இல்லாத புத்தகங்களுக்கு வருகிறேன். கொரியாவைச் சேர்ந்த சூசி லீயின் 'வேவ்' 2008இல் வெளிவந்தது. கடற்கரையில் ஒரு சிறுமி, எதிரே ஓர் அலை. கரித்துண்டால் வரைந்த கறுப்புக் கோடுகளும் நீல நிறமும் மட்டும். இடப்பக்கத்தில் சிறுமி, வலப்பக்கத்தில் கடல். இரண்டு பக்கங்களும் சேரும் நடுமடிப்பை அவர் ஒரு சுவராகவே ஆக்கிவிட்டார். அலை அந்த மடிப்பைத் தாண்டி வருவதில்லை, சிறுமியும் தயங்கித் தயங்கி நிற்கிறாள். அவள் கையை நீட்டும்போது கையின் ஒரு பகுதி மடிப்புக்குள் மறைந்துபோகிறது. பிறகு அவள் தாண்டுகிறாள், பிறகு அலையும் தாண்டுகிறது, அதன்பின் அதுவரை நிறமற்று இருந்த அவள் பக்கமும், வானமும், அவள் உடையும் நீலமாகிவிடுகின்றன. புத்தகத்தைத் தைக்கும் இடம் கதையின் ஒரு பாத்திரமாக மாறுவதைத் திரையில் பார்க்க முடியாது, கேட்டும் அறிய முடியாது. சூசி லீக்கு 2022இல் சிறுவர் நூல்களுக்கான பன்னாட்டு விருதான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது கிடைத்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை.

ஆயினும் ஒரு வயது, இரண்டு வயதுக் குழந்தையோடு தொடங்குபவர்களுக்கு நான் முதலில் இதைச் சொல்வதில்லை. முற்றிலும் சொல்லற்ற புத்தகம் பெரியவரைத் திண்டாட வைக்கிறது. படித்துக் காட்ட உட்கார்ந்தவருக்குப் படிக்க ஒன்றும் இல்லை. அந்தத் திண்டாட்டத்தில் பலர் செய்வது, கதையைக் கைவிட்டுத் தேர்வு நடத்தத் தொடங்குவது. இது என்ன நிறம், அங்கே எத்தனை பறவை, இது என்ன விலங்கு. குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்ததை, கேட்பவருக்கும் தெரிந்ததை, சரியா தவறா என்று பார்ப்பதற்காகவே கேட்கும் கேள்விகள் இவை. சில பதிப்பாளர்கள் பின்னட்டையில் இத்தகைய கேள்விகளை அச்சிட்டே தந்துவிடுகிறார்கள். அந்தப் பக்கத்தை ஒட்டிவிடலாம் என்று எனக்குத் தோன்றும்.

கேள்வியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1988இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோரில் ஒரு பகுதியினருக்குப் படப் புத்தகம் படிக்கும் முறையை மாற்றிக்கொள்ளப் பயிற்சி தந்தார்கள்: ஆம், இல்லை என்று முடியாத கேள்விகளைக் கேட்பது, குழந்தை சொன்னதைச் சற்று விரித்துத் திருப்பிச் சொல்வது, பெரியவர் பேசுவதைக் குறைத்துக் குழந்தையைப் பேசவிடுவது. ஏறத்தாழ ஒரு மாத காலம் அப்படிப் படித்த வீடுகளின் குழந்தைகள், வழக்கம்போலப் படித்த வீடுகளின் குழந்தைகளைவிடப் பேச்சில் முன்னே நின்றார்கள். "என்ன ஆச்சு இங்கே?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது கடினமான வேலை. குழந்தை "நாய் விழுந்துச்சு" என்றால், "ஆமாம், ஜன்னல்லேருந்து நாய் விழுந்துடுச்சு, ஜாடி தலையில மாட்டிக்கிச்சு" என்று ஒரு படி மட்டும் கூட்டிச் சொல்லி நிறுத்துவது அதைவிடக் கடினம். சொல் குறைந்த புத்தகம் இதற்கு வசதியானது; பெரியவர் ஒளிந்துகொள்வதற்கு அதில் நீண்ட பத்திகள் இல்லை.

ஜாடி மாட்டிய அந்த நாய் மெர்சர் மேயர் 1969இல் வெளியிட்ட 'ஃபிராக், வேர் ஆர் யூ?' என்னும் சொல்லற்ற புத்தகத்தில் வருவது. ஒரு சிறுவனும் நாயும் வளர்த்த தவளை இரவில் ஜாடியிலிருந்து தப்பிப் போய்விடுகிறது. 24 படங்களில் அவர்கள் அதைத் தேடி அலைகிறார்கள். குழந்தைகளுக்காக வரையப்பட்ட இந்தச் சிறு புத்தகம் மொழியியலாளர்களின் மேசையில் போய் அமர்ந்துகொண்டது. ரூத் பெர்மனும் டான் ஸ்லோபினும் 1994இல் வெளியிட்ட பெரிய நூல், ஆங்கிலம், ஜெர்மன், ஸ்பானியம், ஹீப்ரு, துருக்கியம் ஆகிய ஐந்து மொழிகளைப் பேசும் சிறுவர்களும் பெரியவர்களும் இதே படங்களைப் பார்த்துச் சொன்ன கதைகளை ஒப்பிட்டது. அதற்குப் பின் வேறு பல மொழிகளிலும் அதே தவளை தேடப்பட்டுவிட்டது. எல்லோருக்கும் படம் ஒன்றே என்பதால், கதைகளுக்கிடையே தெரியும் வேறுபாடு சொல்பவரின் வயதிலிருந்தும் மொழியிலிருந்தும் வந்ததாக இருக்க வேண்டும். சொல் உள்ள புத்தகம் எதுவும் இந்த வேலைக்கு உதவாது.

அந்த ஆய்வுகளில் தெரியவந்தவற்றுள் பெற்றோருக்குப் பயன்படக்கூடியது ஒன்று உண்டு. மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே சொல்கிறார்கள்: பையன் இருக்கிறான், நாய் இருக்கிறது, ஆந்தை வந்தது. ஐந்து வயதை நெருங்கும்போது ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது என்று கோக்கத் தொடங்குகிறார்கள். ஒன்பது வயதில்தான், மரப்பொந்தில் எட்டிப் பார்த்ததும், பாறைமேல் ஏறியதும், தண்ணீரில் விழுந்ததும் எல்லாம் தவளையைத் தேடும் ஒரே முயற்சியின் பகுதிகள் என்று கதை முழுவதையும் ஒரு நூலில் பிடித்து வைக்கிறார்கள். ஆகவே மூன்று வயதுக் குழந்தை "நாய் இருக்கு, பூச்சி இருக்கு" என்று மட்டும் சொன்னால் அதற்குக் கதை புரியவில்லை என்று கவலைப்பட வேண்டியதில்லை. அந்த வயதில் கதை சொல்வது அப்படித்தான் இருக்கும்.

படத்துக்கு மொழி தேவையில்லை, எல்லோருக்கும் தானாகப் புரியும் என்று சொல்லப்படுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். படத்தைப் பார்ப்பதும் பழகி வருவதே. ஜூடி டிலோச்சும் உடன் ஆய்வாளர்களும் 1998இல் எழுதியபடி, ஒன்பது மாதக் குழந்தைகள் புத்தகத்தில் இருக்கும் பொருளின் வண்ணப்படத்தைத் தடவி, தட்டி, பிடித்து எடுக்கவே முயல்கிறார்கள். ஒன்றரை வயதைத் தாண்டிய பிறகு அந்தக் கை அடங்கி, விரல் நீட்டிச் சுட்டத் தொடங்குகிறது. அதற்கடுத்த சிக்கல், ஒரே பக்கத்தில் ஒரே சிறுவன் நான்கு இடங்களில் வரையப்பட்டிருக்கும்போது அது நான்கு சிறுவர்களா, ஒருவனே நான்கு கணங்களில் தெரிகிறானா என்பது. ஓடுவதைக் காட்டப் பின்னால் இழுக்கப்படும் கோடுகளும் ஒருவர் சொல்லித் தெரிவனவே. கட்டங்களை எந்தத் திசையில் தொடர்வது என்பது எழுத்தின் திசையைப் பொறுத்தது. அரபியும் ஹீப்ருவும் படிக்கும் வீட்டில் புத்தகம் வலமிருந்து தொடங்கும், எனவே இடமிருந்து வலமாகப் போகும்படி வரையப்பட்ட சொல்லற்ற கதை அங்கே பின்னிருந்து முன்னாகிவிடக் கூடும். சொல்லை எடுத்துவிட்டாலும் வாசிப்புத் திசை புத்தகத்தில் தங்கிவிடுகிறது.

இந்த எச்சரிக்கையோடு சொன்னால், மொழித் தடையைக் குறைப்பதில் இப்புத்தகங்களுக்கு இணையில்லை என்பது உண்மை. இளையோர் நூல்களுக்கான பன்னாட்டு அமைப்பான ஐபிபிஒய் 2012இல், ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் அகதிகள் படகுகளில் வந்திறங்கிய இத்தாலியத் தீவான லாம்பெதூசாவுக்காகப் பல நாடுகளின் சொல்லற்ற படப் புத்தகங்களைத் திரட்டத் தொடங்கியது. அத்தீவில் குழந்தைகளுக்கென்று நூலகம் உருவானது. உள்ளூர்க் குழந்தைகளும் வந்திறங்கிய குழந்தைகளும் பொதுமொழி இல்லாமலே ஒரே புத்தகத்தைப் புரட்டினார்கள். இவ்வளவு பெரிய நெருக்கடி இல்லாத வீடுகளிலும் சிறிய அளவில் இதே பயன் கிடைக்கிறது. தாய் ஒரு மொழியும் தந்தை வேறொரு மொழியும் பேசும் வீட்டில் ஒரே புத்தகம் இரண்டு மொழியிலும் கதையாகும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி, பேத்தியின் முன்னால் தயங்காமல் அதைக் கையில் எடுக்கலாம். கதை சொல்லிப் பழகிய பாட்டியாக இருந்தால், படிக்கத் தெரிந்த நம்மைவிட நன்றாகவே சொல்வார்.

இத்தகைய புத்தகத்தை உருவாக்குவது எளிது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. கடையில் எடுத்துப் புரட்டிவிட்டு, இதில் படிக்க என்ன இருக்கிறது, இதற்கா இந்த விலை என்று திரும்ப வைத்துவிடுவதைப் பார்க்கிறோம். படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம். அச்சுத்தாளை மடித்து வெட்டும்போது எட்டின் மடங்காகப் பக்கங்கள் வருவதால் நிலைபெற்ற அளவு அது. தலைப்புப் பக்கமும் பதிப்பு விவரமும் போக, கதைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 14 இரட்டைப் பக்கங்கள். "மறுநாள்", "ஆனால்", "அதனால்" என்ற மூன்று சொற்களும் இல்லாமல் அந்தப் பதினான்கில் காலத்தையும் காரணத்தையும் காட்டிப் பாருங்கள், சிரமம் புரியும். பாத்திரம் எந்தக் கோணத்தில் திரும்பினாலும் அதே ஆளாகத் தெரிய வேண்டும். எங்கே பார்க்க வேண்டும் என்று சுட்ட ஒரு சொல்லும் இல்லாதபோது, ஒளியும் நிறமும் உடலின் சாய்வும்தான் கண்ணை வழிநடத்த வேண்டும். சொல் போதிய அளவில் உள்ள புத்தகத்திலேயே மோரிஸ் செண்டாக் 1963இல் செய்து காட்டியதை நினைத்துப் பார்க்கிறேன்: அவருடைய 'வேர் தி வைல்டு திங்ஸ் ஆர்' புத்தகத்தில் படங்கள் பக்கத்துக்குப் பக்கம் பெரிதாகி, எழுத்தை ஓரத்துக்குத் தள்ளி, உச்சத்தில் மூன்று இரட்டைப் பக்கங்களுக்குச் சொல்லே இல்லாமல் ஆட்டம் மட்டும் நடக்கிறது. அங்கே ஒரு வரி எழுதியிருந்தாலும் ஆட்டம் நின்றிருக்கும்.

சொல் குறைவு என்பதாலேயே எல்லாப் புத்தகமும் நன்றாகிவிடாது. சில புத்தகங்களில் அழகான படங்கள் இருக்கின்றன, ஆனால் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் தொடர்பில்லை. புரட்ட வேண்டிய காரணம் இல்லாததால் குழந்தை நடுவிலேயே இறங்கிப் போய்விடுகிறது. வேறு சிலவற்றில், படம் காட்டுவதையே எழுத்து திரும்பச் சொல்கிறது: பந்து உருள்கிறது, கீழே பந்து உருண்டது என்று எழுதியிருக்கிறது. நான்கு சொல் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்றிருக்கும்போது, படத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லவோ, படத்தில் உள்ளதை மறைக்கவோ அந்த நான்கையும் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படிப் பயன்படுத்தியவற்றுள், சற்றே வளர்ந்த குழந்தைகளுக்கு நான் தருவது டேவிட் வீஸ்னரின் 'டியூஸ்டே'. 1991இல் வெளிவந்து மறு ஆண்டு, படப் புத்தகங்களுக்கான அமெரிக்க விருதான கால்டிகாட் பதக்கம் பெற்றது. ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, குளத்துத் தவளைகள் அல்லி இலைகளின்மேல் அமர்ந்தபடி வானில் எழுந்து ஊருக்குள் பறந்து வருகின்றன. எழுத்து என்று இருப்பவை கிழமையும் நேரமும் மட்டும்: மாலை எட்டு மணியளவில், இரவு 11:21, விடியற்காலை 4:38. நான்கு வயதில் இவற்றை யாரும் பொருட்படுத்துவதில்லை, தவளைகளே போதுமானவை. கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகு அதே குழந்தை, அதே புத்தகத்தில், இதுவரை தாண்டிப்போன அந்த எண்களிடம் நின்றுவிடுகிறது. தவளைகள் எத்தனை மணி நேரம் பறந்தன என்று கணக்கிடுகிறது. 11:21க்குச் சமையலறையில் நின்று ஏதோ தின்றுகொண்டிருக்கும் அந்த மனிதர் ஏன் இன்னும் தூங்கவில்லை என்று கேட்கிறது. கடைசியில் அடுத்த செவ்வாய்க்கிழமை 7:58 என்று வருகிறது, பன்றிகள் பறக்கின்றன. இந்த முறை இரண்டு நிமிடம் முன்னதாகவே தொடங்கிவிட்டது என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவளும் என் மகள்தான்.